குவாண்டம் மேற்பொருந்துதலும் உயிரும்: ஓர் ஆராய்ச்சி

அணுவின் இயல்பை ஆராயும் குவாண்டம் நூல் மேனாட்டில் தோன்றி நூறாண்டு கடந்துவிட்டது. அந்நூலார் கூறும் முடிபுகளுள் மேற்பொருந்துதல் என்பது மெய்ப்பொருளாராய்ச்சி செய்வார் பலருடைய கருத்தையும் ஈர்த்து நிற்கின்றது. ஒரு பொருள் ஒன்றற்கொன்று மாறான இரு நிலைகளுள் ஒன்றை மட்டும் எய்தாது, அவ்விரண்டும் கூடியதொரு நிலையில் நிற்றல் கூடும் என்பதே அதன் சுருக்கம். இஃது உயிரில்லாத அணுவளவில் நில்லாது உயிருடைய பொருள்களிலும் காணப்படும் எனச் சில ஆய்வாளர் கூறத் தொடங்கியபின், அதனின்று பெரும் முடிபுகள் பல எடுக்கப்படுகின்றன. உலகம் காண்பானது அறிவினாலேயே ஆயிற்று என்பாரும், உயிர் பலவன்று ஒன்றே என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்பாரும், சைவ சித்தாந்தம் உயிரைச் சதசத்து என்றது இம்மேற்பொருந்துதலையே என்பாரும் உளர். இம்முடிபுகள் அவ்வாராய்ச்சியினின்றும் உண்மையிற் பெறப்படுவனவோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அதற்கு, மேற்பொருந்துதல் யாது, அஃது உயிருடைய பொருள்களில் எத்துணையளவு காணப்பட்டது, காணப்பட்டதனாற் பெறப்படுவது யாது என்னும் மூன்றும் முறையே அறியப்படல் வேண்டும்.

அந்திப்பொழுதில் தொலைவில் நிற்பதொன்றைக் கண்டான் ஒருவன், அது குற்றியோ மகனோ என மயங்குதலை அளவை நூலார் ஐயக்காட்சி என்பர். ஆண்டு நிற்பது குற்றியே, அன்றேல் மகனே. இருமை, காண்பானது அறிவின்கண்ணது, பொருளின்கண்ணதன்று. குவாண்டம் நூலார் கூறும் மேற்பொருந்துதலும் இத்தகைய ஐயமேயாம் என ஒருவர் கருதக்கூடும். அஃது அவ்வாறன்று என்பதற்குச் சோதனையே சான்று. இரு பிளவுகளையுடைய தடுப்பின் வழியே எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக விடுப்பின், ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியையே பதிக்கின்றது. புள்ளிகள் பல்லாயிரம் சேர்ந்தபின், அவை செறிந்த வரிகளும் அவை விழாத வரிகளும் மாறி மாறி அமைகின்றன. ஒரு பிளவை மூடிவிடின் அவ்வரிகள் ஒழிகின்றன. எலக்ட்ரான் ஏதேனும் ஒரு பிளவின் வழியே சென்றொழிந்தது, எதன்வழிச் சென்றது என்பதே அறியப்படவில்லை என்று கொள்ளின், மற்றொரு பிளவைத் திறந்தமையால் முன்பு புள்ளி விழுந்த இடத்தில் இப்பொழுது விழாமைக்குக் காரணம் சொல்லுதல் இயலாது. ஆதலின் ஈண்டு இருமை காண்பானது அறியாமையளவில் அமைவதன்று. இரு வழிகளும் விளைவில் ஒருங்கு பங்குகொள்ளுகின்றன.

இவ்வியல்பு எலக்ட்ரானோடு நின்றுவிடவில்லை. 1999-ஆம் ஆண்டில் வியன்னாவில் ஆன்டன் சைலிங்கர், மார்க்குஸ் ஆர்ண்ட் முதலியோர் அறுபது கரி அணுக்கள் பந்துபோற் கூடிய மூலக்கூற்றினிடத்தும் இவ்வரிகளைக் கண்டனர். 2019-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,000 அணுக்களைக் கொண்டு, 25,000 அணுநிறை அலகினும் மிக்க மூலக்கூறுகளினிடத்தும் அவை காணப்பட்டன. 2020-ஆம் ஆண்டில், பாக்டீரியாவினின்று கிடைப்பதும் பதினைந்து அமினோ அமிலங்களாலாயதுமான கிராமிசிடின் என்னும் பொருளினிடத்தும் அவை காணப்பட்டன. உயிருடைப் பொருளினின்று தோன்றியதொரு மூலக்கூறும் மேற்பொருந்து நிலையை எய்தும் என்பது இதனால் தெளிவாயிற்று. எனினும் கிராமிசிடின் உயிருடையதன்று. உயிருடையது ஆக்கிய பொருள் மட்டுமே.

இனி, இச்சோதனைகளின் பயன் எண்ணளவில் எல்லார்க்கும் உடன்பாடாயினும், அவற்றின் பொருள் யாதென்பதில் அந்நூலாரிடையே இன்றுவரை உடன்பாடு இல்லை என்பது குறிக்கொள்ளத்தக்கது. அளந்தறியுங்கால் நிலைகளுள் ஒன்று எஞ்ச ஏனைய ஒழியும் என்பர் ஒருசாரார். 1952-ஆம் ஆண்டில் டேவிட் போம் என்பவர், துகள் ஒரு வழியே செல்லும், அதனைச் செலுத்தும் அலையே இருவழியும் பரவும் என்றார். 1957-ஆம் ஆண்டில் ஹியூ எவரெட் என்பவர், நிலைகளுள் யாதும் ஒழிவதின்று, எல்லாம் தனித்தனியே தொடரும் என்றார். மூவர் கொள்கையும் மேற்கூறிய சோதனைகளில் ஒரே பயனைத் தருவன. ஆகவே இவற்றுள் ஒன்றையெடுத்து, இதுவே அறிவியல் மெய்ப்பித்தது எனக் கூறி, அதன்மேல் உயிர்க்கொள்கையைக் கட்டுவார், முடிவுறாத வழக்கைத் தீர்ப்புப் பெற்றதாகக் காட்டுபவராவர். மெய்ப்பிக்கப்பட்டது வரியும் எண்ணுமே. அவற்றின் உட்பொருள் இன்னும் வழக்கிலுள்ளது.

உயிருடைய பொருளை இவ்வாராய்ச்சியினுள் முதற்கண் கொணர்ந்து நிறுத்தியவர் ஆஸ்திரியா நாட்டு எர்வின் ஷ்ரோடிங்கர். 1926-ஆம் ஆண்டில் அலைச்சமன்பாட்டை வகுத்துப் புகழெய்திய அவர், 1935-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் பூனையொன்றைக் கற்பித்தார். எஃகுப் பெட்டியொன்றில் பூனையும், கதிரியக்கப் பொருள் சிறிதும், நஞ்சுக்குப்பியும் வைக்கப்படுகின்றன. ஒரு மணி நேரத்தில் அணு ஒன்று சிதைதலும் சிதையாமையும் ஒத்த அளவில் நிகழக்கூடும். சிதையின் கருவியொன்று சம்மட்டியை விடுவிக்க, குப்பி உடையும்; பூனை மாளும். சமன்பாட்டை முழுதும் நம்பின், பெட்டி திறக்கப்படும் வரையில் பூனை உயிரோடிருத்தலும் மாண்டிருத்தலும் கூடிய நிலையில் நிற்கின்றது எனல் வேண்டும்.

இப்பூனையை எடுத்துக்காட்டுவார் பலர், ஷ்ரோடிங்கர் இதனை உண்மையென நாட்டினார் எனக் கருதுகின்றனர். அவர் கருத்து அதுவன்று. அணுவளவில் ஒப்புக்கொண்டதொரு கூற்றைக் கண்காணும் பொருள்வரை இழுப்பின் நகையாடத்தக்க முடிபு விளையும் என்று காட்டுதற்கே அவர் அதனைக் கற்பித்தார். எதிர்க்கட்சியைச் சாடுதற்கு எடுத்த எடுத்துக்காட்டே அக்கட்சிக்குச் சான்றாகக் காட்டப்படுதல், நூலைப் பயிலாது பெயரைப் பயின்றதன் விளைவாகும்.

பூனை அங்ஙனம் நில்லாமைக்குக் காரணத்தின் பெரும்பகுதி பிற்காலத்தே விளங்கிற்று. 1970-ஆம் ஆண்டில் டீட்டர் சே என்னும் செருமானியர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின்படி, மேற்பொருந்து நிலை நிலைபெறுதற்கு அப்பொருள் சூழலினின்றும் பிரிந்து தனித்து நிற்றல் வேண்டும். காற்றின் துகளொன்று மோதினும், ஒளியின் கூறொன்று பட்டுத் தெறிப்பினும், அந்நிலை சூழலெங்கும் பரவிச் சிதைந்து, காண்பார்க்கு ஒரு நிலையாகவே தோன்றும். இதனை ஓரியல்பு சிதைதல் என்பர். நிலைகள் பலவற்றுள் இந்த ஒன்றே ஏன் நேர்ந்தது என்னும் வினாவை இது முற்றும் தீர்க்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் பெரிய பொருள்களில் வரிகள் காணப்படாமைக்கு இது போதிய காரணமாம்.

ஈண்டே உயிருடைய பொருளைப் பற்றிய முதன்மையான இடர் வெளிப்படுகின்றது. உயிர்வாழ்தலாவது மூச்சு வாங்கி விடுதலும், உணவேற்றுக் கழிவகற்றலும், வெப்பம் கொண்டு கொடுத்தலுமாம். உயிருடையது ஒழுங்கைப் புறத்தேயிருந்து உண்டு தன் ஒழுங்கைக் காக்கின்றது என்பதைப் பின்னாளில் விரித்துரைத்தவரும் ஷ்ரோடிங்கரே. மேற்பொருந்துதலோ சூழலோடு கொடுக்கல் வாங்கல் அற்ற தனிமையை வேண்டுகின்றது. ஆகவே உடம்பு முழுதும் மேற்பொருந்து நிலையை எய்துதலும், அவ்வுடம்பு வாழ்தலும் ஒன்றையொன்று விலக்குகின்றன. பூனைக்கு எதிராய மறுப்பைப் பூனையைக் கற்பித்தவரது நூலே தருகின்றது என்க.

அற்றேல், உயிருடைய பொருள்களில் குவாண்டம் நிகழ்ச்சி யாதுமில்லையோ எனின், உண்டு. 1966-ஆம் ஆண்டில் டீவால்ட், சான்ஸ் என்னும் இருவர், ஒளியையுண்டு வாழும் பாக்டீரியாவினுள் எலக்ட்ரான் இடம்பெயர்தல் மிகக் குளிர்ந்த நிலையிலும் வேகங் குன்றாமையைக் கண்டனர். மேட்டை ஏறிக் கடத்தற்கு வெப்பம் வேண்டும். வெப்பமின்றியும் கடந்ததாதலின், மேட்டை ஊடுருவிச் சென்றது என்று கொள்ளப்பட்டது. 1989-ஆம் ஆண்டில் நொதியொன்றினுள் நீரகம் இவ்வாறே ஊடுருவுதல் காட்டப்பட்டது. இவை இன்று பெரும்பான்மையோர் உடன்பட்டவை. இவற்றினும் வியத்தகுவனவாகக் கூறப்பட்டவை மூன்று. அவை இலை, புள், நீர்க்கரடி என்பன பற்றியன. அவற்றின் வன்மை மென்மைகளை நிரலே காண்போர்க்கு உண்மை புலப்படும்.

பசுங்கந்தகப் பாக்டீரியாவில் ஒளியின் ஆற்றலைக் கடத்தும் புரதமொன்று உண்டு. 2007-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலியில் கிரகாம் பிளெமிங் என்பாரது ஆய்வுக்குழுவினர், அப்புரதத்தை 77 கெல்வின் அளவிற்குக் குளிர்வித்து ஆராய்ந்து, அதன்கண் எழுந்த அதிர்வுகள் 660 ஃபெம்டோநொடி வரையில் நீடித்தமையைக் கண்டனர். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கின் ஒரு கூறு ஒரு ஃபெம்டோநொடியாம். ஆற்றல் வழிகள் பலவற்றையும் ஒருங்கே துழாவி ஏற்றதொன்றைத் தெரிந்து செல்லுகின்றது என இதற்குப் பொருள் கூறப்பட்டது. இலையே அறிவுடையதுபோல் வழி தேர்கின்றது என்று பலரும் வியந்தெழுதினர். ஆனால் 2017-ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் அப்புரதத்தை அறையின் வெப்பநிலையில் ஆராய்ந்தபொழுது, எலக்ட்ரான் நிலைகளின் ஓரியல்பு 60 ஃபெம்டோநொடியளவில் சிதைந்தமை கண்டனர். 2020-ஆம் ஆண்டில் ஆய்வாளர் பலர் கூடி எழுதிய ஆராய்ச்சியுரை, முன்பு நீடித்ததாகக் கண்ட அதிர்வுகள் பெரும்பாலும் மூலக்கூற்றின் இயல்பான நடுக்கங்களே என்றும், அவை ஆற்றல் கடத்தலுக்கு உயிர்நாடியாவன அல்ல என்றும் முடித்தது. 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையில் பங்குகொண்டாருள் ஒருவரும் இவ்வாராய்ச்சியுரையிற் கையொப்பமிட்டவராவர். தாம் கண்டதைத் தாமே மீள ஆராய்ந்து குறைத்துக் கொண்ட இந்நேர்மை போற்றத்தக்கது. இலையை நம்பி மெய்ப்பொருள் மாளிகை எழுப்பினார் எத்துணைப்பேர் தம் மாளிகையை அங்ஙனம் குறைத்துக் கொண்டனர் என்பதே கேட்கத்தக்க வினா.

இரண்டாவது, ராபின் என்னும் ஐரோப்பியச் சிறுபுள். அது பருவந்தோறும் நெடுந்தொலை பெயர்கின்றது. 1972-ஆம் ஆண்டில் வில்ச்கோ இணையர், அப்புள் புவிக்காந்தத்தின் வடமுனை தென்முனைகளை அறியாது, அப்புலக் கோடுகளின் சாய்வையே அறிந்து திசை கொள்ளுகின்றது எனக் கண்டனர். 1978-ஆம் ஆண்டில் கிளாவுஸ் சுல்ட்டனும் உடனாய்வாளரும், வேதிவினையொன்றில் பிறக்கும் இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி நிலைகள் மேற்பொருந்தி நின்று காந்தத்திற்கேற்ப மாறுதலே அதற்குக் காரணமாகலாம் என்றனர். 2000-ஆம் ஆண்டில், விழியிலுள்ள கிரிப்டோகுரோம் என்னும் புரதமே அதன் இருப்பிடமாகலாம் என்று கூறப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் ஓல்டன்பர்க், ஆக்ஸ்போர்டு முதலிய இடத்து ஆய்வாளர், ராபினின் கிரிப்டோகுரோம் வகையொன்று சோதனைக்குழாயில் காந்தத்திற்கு இசைதலைக் காட்டினர். ஆயினும் அவர் பயன்படுத்தியது புவியின் மெல்லிய காந்தத்தினும் பன்மடங்கு வலியது. வாழும் பறவையின் விழியினுள் இதுவே நிகழ்கின்றது என்பது இன்னும் நேரே காட்டப்படவில்லை. மூன்றனுள் நன்னம்பிக்கைக்குரியது இதுவே. எனினும் இங்கும் மேற்பொருந்தி நிற்பன இரண்டு எலக்ட்ரான்களேயன்றிப் பறவையன்று. பறவை ஒரு கிளையில் இருந்து ஒரு திசையையே நோக்கிப் பறக்கின்றது.

மூன்றாவது, நுண்ணோக்கியாற் காணத்தகும் நீர்க்கரடி என்னும் சிற்றுயிர். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூர் முதலிய இடத்து ஆய்வாளர் சிலர், அதனை 0.01 கெல்வினுக்கும் குறைந்த குளிரில், காற்றற்ற வெளியில், மின்தடையற்ற கருவியொன்றன்மேல் வைத்து, அக்கருவியோடு அதுவும் குவாண்டம் பிணைப்பு எய்தியது என்று அறிவித்தனர். 420 மணி நேரத்திற்குப்பின் அஃது உயிர்த்தெழுந்தது. மறுப்பாரோ, பனித்துளியொன்றை வைப்பினும் கருவியின் அதிர்வெண் அவ்வாறே சிறிது மாறும், அம்மாற்றத்தைக் கொண்டு பிணைப்பு என்றல் சொற்பெருக்கமே என்றனர். அம்மறுப்பு வலியுடைத்து. அதனினும் குறிக்கொள்ளத்தக்கது பிறிதொன்று. அச்சிற்றுயிர் அவ்வமயம் உடல் சுருங்கி, உண்ணாது, உயிராது, வாழ்வுத்தொழில் யாவும் அடங்கிக் கிடந்தது. உயிருடையதை மேற்பொருந்து நிலைக்குக் கொணர்வதாகக் கூறியபொழுதும், உயிர்த்தொழிலை நிறுத்தியன்றிக் கொணர இயலவில்லை. முன்னர்க் கூறிய இடர் இதனால் உறுதிப்படுகின்றது.

ஆக, உயிருடைய பொருள்களில் மேற்பொருந்துதல் என்னும் ஒரு சொற்றொடருள் மூன்று வேறு கூற்றுக்கள் விரவிக் கிடக்கின்றன. உடம்பினுள் உள்ள எலக்ட்ரானும் நீரகமும் குவாண்டம் இயல்பின என்பது ஒன்று, இது மெய். வாழும் உடம்பு முழுதும் மேற்பொருந்து நிலையை எய்தும் என்பது மற்றொன்று, இது காட்டப்படவில்லை. உடம்பின் வேறாய அறிவுடைப் பொருளாகிய உயிர் அந்நிலையது என்பது பிறிதொன்று; இதனை ஆராய்தற்குரிய கருவி எச்சோதனைச்சாலையிலும் இல்லை. முதற்கூற்றிற்குப் பெற்ற சான்றை மூன்றாவதன் கணக்கில் வரவு வைத்தலே இத்துறையில் நிகழும் பெரும்பிழை.

இனி, அறிவே உலகை ஒருநிலைப்படுத்துகின்றது என்னும் கொள்கையை ஆராய்வாம் எனின், அதனை வலியுறுத்தியவர் யூஜின் விக்னர். 1961-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் அவர், கருவி அளத்தலால் அன்று, உணர்வுடையார் ஒருவர் காணுதலாலேயே மேற்பொருந்துதல் ஒழியும் என்றார். பிற்காலத்தில் அவரே அக்கொள்கையைக் கைவிட்டார். காண்பார் எவருமின்றிக் கருவி பதித்துவைத்த புள்ளிகள், நாட்கள் பல கழித்துக் காணினும் புள்ளிகளாகவே உள்ளன. ரோஜர் பென்ரோசும் ஸ்டூவர்ட் ஹாமராஃபும், மூளையின் நுண்குழல்களில் மேற்பொருந்துதல் நிலைத்து நின்று ஒடுங்குதலே உணர்வு என்றனர். 2000-ஆம் ஆண்டில் மேக்ஸ் டெக்மார்க் என்பவர் கணக்கிட்டு, மூளையின் வெப்பத்தில் அந்நிலை ஒரு நொடியின் பத்து இலட்சம் கோடியில் ஒரு கூறு அளவினும் நில்லாது என்றார். அக்கணக்கை மறுப்பாரும் உளர். வழக்கு எவ்வாறு முடியினும், எண்ணம் நிகழுங்கால் மூளையில் நிகழ்வது யாது என்பதையே அது தீர்க்கும்; எண்ணுபவன் யார் என்பதைத் தீர்க்காது.

உயிரொருமை பேசுவார் பெரிதும் எடுத்துக்காட்டுவது ஷ்ரோடிங்கரின் ‘உயிர் என்பது யாது?’ என்னும் நூலை. 1943-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1944-ஆம் ஆண்டில் அந்நூலாக வெளிவந்தன. மரபுக்கூறு என்பது ஒழுங்குடையதாயினும் ஒரேவகையாய் மீண்டும் மீண்டும் அடுக்கப்படாததொரு படிகம் போன்றது என அவர் அதிற் கூறியது, 1953-ஆம் ஆண்டில் டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்ட வாட்சன், கிரிக் இருவர்க்கும் ஊக்கமளித்தது. நூலின் இப்பகுதி பாராட்டுக்குரியது. அதன் முடிவுரையிலோ அவர் உபநிடதங்களின் ஆன்மப் பிரம ஒருமையைத் தழுவி, உணர்வு ஒன்றே, பன்மை மாயத்தோற்றமே என்றார்.

இம்முடிவுரை பற்றி முதற்கண் அறியத்தக்கது, அவர் அதனைக் குவாண்டத்தின்மேல் நிறுத்தவில்லை என்பதே. மனத்தொழிலோடு தொடர்புடைய உடல் நிகழ்ச்சிகளில் குவாண்டத்தின் உறுதியின்மைக்குக் குறிப்பிடத்தக்க இடம் இல்லை என்றே அவர் அங்குக் கூறுகின்றார்; அம்முடிவுரை தம் தனிக்கருத்து என்றும் வெளிப்படையாக உரைக்கின்றார். குவாண்டம் நூலின் தந்தையருள் ஒருவர் வேதாந்தம் பேசினாராதலின் குவாண்டம் வேதாந்தத்தை மெய்ப்பித்தது என்பார், உரைத்தவர் மறுத்த தொடர்பை அவர் பெயராலேயே நாட்டுகின்றனர்.

இனி அவர்தம் வாதங்கள். உணர்வு எஞ்ஞான்றும் பன்மையில் நுகரப்படுவதில்லை, ஒருமையிலேயே நுகரப்படுகின்றது. ஆதலின் அஃது ஒன்றே என்பது முதல் வாதம். ஒருவன் தன் உணர்வையன்றிப் பிறனுணர்வை நேரே நுகரான் என்பது உண்மை. அதனாற் பெறப்படுவது பிறனுணர்வு காண்டலளவைக்குப் புலனாகாது என்பதே, இல்லை என்பதன்று. காண்டலுக்கு எட்டாததைக் கருதலளவை எட்டும். நோயுற்றான் முனகுதலும், குழந்தை பசித்தழுதலும் கண்டு அவர்தம் உணர்வு கருதியறியப்படுகின்றது. அன்றியும் உணர்வு ஒன்றேயாயின் ஒருவன் உண்ணப் பிறன் பசி தீர்தல் வேண்டும். ஒருவன் கற்கப் பிறன் அறிவு நிரம்புதல் வேண்டும். அச்சொற்பொழிவுகளைக் கேட்டார் ஏறத்தாழ நானூற்றுவர் என அந்நூலின் முதல் அதிகாரமே கூறுகின்றது. கூறுவானும் கேட்பார் நானூற்றுவரும் ஓருணர்வே எனின், கூறுதலும் கேட்டலும் எற்றுக்கு? விளங்கினாரும் விளங்காதாரும் என்னும் வேறுபாடு எங்ஙனம்?

உடம்பு இயற்கை விதிப்படி இயங்குகின்றது. அதனை இயக்குபவன் நானே என்பது அனுபவம். ஆகவே அணுக்களை விதிப்படி இயக்கும் முதல்வனும் நானே என்பது இரண்டாம் வாதம். கையை எடுத்தலும் காலை நீட்டலும் ஒருவன் கருத்தின்வழி நிகழ்வன. நெஞ்சத் துடிப்பும், உண்டது செரித்தலும், உறக்கம் வந்து மூடுதலும் அவன் கருத்தின்வழி நிகழ்வன அல்ல. வேண்டியபோது நினைவுகூரவும் அவனால் ஒல்லாது. சிறிது இயக்குதலைக் கொண்டு முற்றும் இயக்குதலைச் சாதித்தல், ஓடத்தின் துடுப்பைப் பிடித்தவன் ஆற்றையும் தானே ஓட்டுவதாகக் கூறுதலோடு ஒக்கும்.

அவர் காட்டிய உவமையொன்றும் ஆராயத்தக்கது. கௌரிசங்கர், எவரெஸ்ட் என இரண்டாக எண்ணப்பட்டவை, வேறு வேறு பள்ளத்தாக்கினின்று காணப்பட்ட ஒரே கொடுமுடியாதல் போல, பலவாகத் தோன்றும் உயிர்களும் ஒன்றே என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்ஙனம் ஒரு கருத்து வழங்கியது உண்மையே. ஆனால் 1903-ஆம் ஆண்டில் வுட் என்னும் அளவையாளர் நேபாளஞ் சென்று அளந்து, அவ்விரண்டும் வேறு வேறு கொடுமுடிகளே என்று நிறுவினார். அம்மையப்பர் திருப்பெயர் தாங்கிய கௌரிசங்கர் 7,134 மீட்டர் உயரமுடையதாய், 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டிற்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர் மேற்கே தனித்து நிற்கின்றது. ஒருமைக்குக் காட்டிய உவமை இருமைக்கே சான்றாயிற்று. உவமை பிழைத்தமையால் மட்டும் கொள்கை பிழைபடாது என்பது ஒப்பத்தக்கதே. எனினும் தொலைவிற் கண்டு ஒன்றென்றதை அணுகி அளந்தார் இரண்டெனக் கண்டனர் என்னும் பாடம், உயிரொருமை பேசுவார் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

எஞ்சியது, சைவருள் சிலர் கூறும் ஒப்புமை. உயிர் சத்தும் அன்று அசத்தும் அன்று, சதசத்து என்று சிவஞானபோதத்தின் ஏழாஞ் சூத்திரம் கொண்டு உரைக்கப்படுகின்றது. இரு நிலையும் கூடியதே மேற்பொருந்துதலாதலின் இரண்டும் ஒன்றே என்பது அவர் கூற்று. இது சொல்லொப்புமை கண்டு பொருளொப்புமை கூறுதலாம். என்னை? சதசத்து என்பது உயிர் பாதி சத்தும் பாதி அசத்துமாய்க் கலந்து நிற்றலைக் கூறியதன்று. சத்து அசத்தை நோக்கி அறிய வேண்டுவதின்று. அசத்து ஒன்றையும் அறியமாட்டாது. இரண்டையும் அறிவதாய், சார்ந்ததன் தன்மையைத் தான் எய்துவதாய், இரண்டின் வேறாயது உயிர் என்பதே அதன் கருத்து. செம்மலரைச் சார்ந்த பளிங்கு செந்நிறமும், நீலமலரைச் சார்ந்த பளிங்கு நீலமும் காட்டுவது அதற்கு ஒத்த உவமை.

எலக்ட்ரானது மேற்பொருந்துதலோ ஒன்றையும் அறிவதன்று, அறியப்படுவது. அது சடத்தின் நிலை. கணக்கிட்டு எண்ணால் அளக்கப்படுவது. தனிமை நீங்கிப் பிறவற்றைச் சார்ந்த அளவிலே குலைவது. உயிரோ ஒன்றைச் சார்ந்தன்றி நில்லாதது, சார்பினாலேயே விளங்குவது. இவை இரண்டும் ஒவ்வாமையோடு முரண்படுதலும் காண்க. தோன்றி மாறி ஒடுங்கும் மாயாகாரியம் எத்துணை நுண்ணியதாயினும் மாயாகாரியமே. அதன்கண் ஒரு புதுமை கண்டவிடத்து, சடத்தின் இயல்பு முன்பு எண்ணியதினும் நுண்ணியது என்பது பெறப்படுமேயன்றி, சித்தின் இயல்பு பெறப்படாது. உயிரைச் சடத்தின் விளைவென்பாரை மறுத்தற்கு நூலாசிரியர் எத்துணைப் பாடுபட்டனரோ, அத்துணையும் இவ்வொப்புமையால் வீணாகின்றது. உயிரின் சிறப்பியல்பு எலக்ட்ரானிலும் உண்டு எனின், உயிருக்கும் எலக்ட்ரானுக்கும் வேற்றுமை யாது? நட்புக்கரம் நீட்டி வரும் இவ்வொப்புமையே உலகாயதத்திற்குப் பின்வாயில் திறந்துவிடுதல் அறியப்படல் வேண்டும்.

அற்றேல் இவ்வாராய்ச்சிகளால் சைவர்க்குப் பயன் யாதுமில்லையோ எனின், உண்டு. இலையும் புள்ளும் எத்துணை நுண்ணிய ஏற்பாட்டால் வாழ்கின்றன என்பதை அறிதல், அவற்றை ஏற்படுத்திய பேரறிவை வியத்தற்கு வழியாம். கல்போலக் கிடக்கும் சிறு உருண்டைகளே உலகம் எனப் பழைய உலகாயதர் செருக்கிக் கூறியது நில்லாமையும் இவற்றால் விளங்கும். ஆனால் வியத்தல் வேறு, சான்று கேட்டல் வேறு. 2007-ஆம் ஆண்டில் இலையைச் சான்றாகக் கொண்டு ஒரு கொள்கையை நாட்டியவர்க்கு 2020-ஆம் ஆண்டில் அச்சான்று நழுவிற்று. அவ்விடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் அக்கொள்கையைக் கேட்டு மெய்யென நம்பிய இளைஞன் ஒருவன், சான்று நழுவியபொழுது கொள்கையையும் உடன் கைவிடுவானாயின், அவ்விழப்பிற்குப் பொறுப்பாளர் இலையை ஆராய்ந்தவர் அல்லர். அதனைச் சமயத்தின் தூணாக நிறுத்தியவரே.

அறிவியலார் தம் முடிபுகளை நாளும் திருத்திக்கொள்வது அவர்தம் நூலுக்கு அணி. திருத்தப்படுவதொன்றன்மேல் திருத்தமுறாத பொருளை நிறுத்துதல் சமய நூலுக்கு அணியன்று. எப்பொருளை எவ்வளவை கொண்டு அறிதல் வேண்டுமோ, அப்பொருளை அவ்வளவை கொண்டே அறிதல் மெய்கண்டார் மரபு. எலக்ட்ரானை அறிய விழைவார் சோதனைச்சாலைக்குச் செல்க. உயிரையும் அதற்கு உயிராய முதலையும் அறிய விழைவார் நூலும், குருவருளும், தம்மனுபவமும் ஆகிய மூன்றையும் நாடுக. இரண்டு வாயிலும் திறந்தே உள்ளன. ஒன்றன் திறவுகோலை மற்றொன்றில் இட்டுத் திருகுதலே தவிர்க்கற்பாலது.